ஒரு பல்லின் கணக்கு
சக்கரங்களின் ஊர் – தொடர் கட்டுரை: 14

வாலாஜாபாத்தில் செயின் செட் மாற்ற வண்டியை விடுகிறவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் வரும். "அண்ணே, முன்னாடி ஒரு பல்லு கூட்டிப் போட்டா வண்டி இன்னும் ஓடுமா?" என்பது ஒன்று. "ஒரு பல்லு குறைச்சா பிக்கப் ஏறுமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்குமே ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கேட்கிறவருக்கு அந்த ஆமாம் போதாது. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுப் பதில்.

போன வாரம் கியர்பாக்ஸின் வாசல் வரை வந்திருந்தோம். அங்கிருந்து வெளியே நீளும் தண்டில் சின்ன ஸ்ப்ராக்கெட், பின் சக்கரத்தில் பெரிய ஸ்ப்ராக்கெட், நடுவில் செயின். பின்பல் எண்ணிக்கையை முன்பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது கடைசி விகிதம். முன்னால் 15, பின்னால் 38 என்றால் 2.53. சின்னது இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். கடப்பாரையின் நுனியைப் பிடித்து அழுத்தினால் கல் சுலபமாக அசையும், கை மட்டும் அதிக தூரம் போகவேண்டும். விகிதம் கூடினாலும் அப்படித்தான். இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்றும். விகிதம் குறைந்தால் எஞ்சின் நிதானமாகச் சுற்றும், இழுவை போகும்.

இந்த மாற்றம் எஞ்சினுக்கு அரைக் குதிரைத்திறன்கூடச் சேர்ப்பதில்லை. இருக்கும் திறன் எந்த வேகத்தில் கைக்குக் கிடைக்கும் என்பதைத்தான் பல் மாற்றுகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் உட்காராததால்தான் பலர் காசு செலவழித்துவிட்டு ஏமாந்து நிற்கிறார்கள்.

இதற்கு நம் மண்ணிலேயே நல்ல சாட்சி இருக்கிறது, புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது, தொழிற்சாலை திருவொற்றியூரில். அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் பின் ஸ்ப்ராக்கெட் தனி உறுப்பு கிடையாது. பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது, 38 பல். அதைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் டிரம்மையே மாற்றவேண்டும். ஆகவே விகிதத்தோடு விளையாட மிஞ்சியது முன்பல் ஒன்றுதான். 350 சிசி வண்டிக்கு 16 பல், 500 சிசி வண்டிக்கு 17 பல் என்று தொழிற்சாலையே அந்த விளையாட்டை விளையாடியது. பெரிய எஞ்சினுக்கு இழுவை மிச்சமிருந்தது, அதற்கு ஒரு பல் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவ்வளவு எளிமையான முடிவு, அவ்வளவு சரியான முடிவு.

மெக்கானிக்குக்கு மட்டும் அது எளிமையாக இருக்கவில்லை. அந்தப் புல்லட்டின் ஆல்பியன் வகை கியர்பாக்ஸில் முன் ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். இடப்பக்கத்துப் பெரிய மூடியைக் கழற்றி, ஆயிலை வடித்து, ஆல்டர்னேட்டரை எடுத்து, எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டையும் கிளட்சையும் பிரைமரி செயினோடு சேர்த்து உருவினால்தான் அந்தச் சின்னப் பல்சக்கரத்தின் முகத்தைப் பார்க்கலாம். இன்றைய வண்டியில் ஒரு சின்ன மூடியும் சில போல்ட்டுகளும்தான் குறுக்கே நிற்கின்றன. அன்றைக்கு ஒரு பல் மாற்ற வேண்டுமென்றால் கடையில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனாலேயே அந்தக் காலத்துப் புல்லட்காரர்கள் நன்றாக யோசித்த பிறகே பல்லில் கை வைத்தார்கள் என்று நினைக்கிறேன். கையில் காசும் அரை மணி நேரமும் இருந்தாலே போதும் என்பது இன்றைய வசதி. யோசனையைத் தின்றுவிடுகிற வசதியும் அதுதான்.

350 புல்லட்டில் 16-ஐ எடுத்துவிட்டு 17, சிலர் 18 என்று போட்டார்கள். கணக்கைப் பாருங்கள். 16 பல்லோடு எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுற்றிய அதே வேகத்தில், 17 போட்டால் 3765 சுற்று, 18 போட்டால் 3556 சுற்று. நெடுஞ்சாலையில் அதிர்வு குறைந்தது. கையும் காலும் மரத்துப்போகாமல் தூரம் போக முடிந்தது. அது உண்மையான லாபம். ஆனால் அந்த எஞ்சினின் மொத்தத் திறன் 18 குதிரைதான், அதுவும் 5625 சுற்றில். 18 பல்லோடு எதிர்க்காற்றிலோ, பின்னால் ஆள் உட்கார்ந்த மேட்டிலோ டாப் கியர் தாங்காது, மூன்றுக்கு இறங்க வேண்டிவரும். மூன்றில் போனால் மறுபடி அதே இரைச்சல்.

பல் கூட்டினால் டாப் ஸ்பீடு ஏறும் என்ற நம்பிக்கையும் இங்கேதான் உடைகிறது. காற்றை எதிர்த்துப் போகத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறுகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டக் காற்றுக்கு மட்டும் முப்பத்து மூன்று சதவீதம் கூடுதல் திறன் கட்டவேண்டும். அந்தத் திறன் எஞ்சினிடம் இல்லாதபோது பல்லைக் கூட்டினால், எஞ்சின் தன் நல்ல சுற்றை எட்டவே எட்டாது. டாப் ஸ்பீடு ஏறுவதற்குப் பதில் இறங்கிப்போகும். சின்ன எஞ்சின் வைத்த 100 சிசி, 110 சிசி வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

எதிர்த்திசைக்கும் பழைய உதாரணம் உண்டு. 1950-களின் பிரிட்டனில் கார் வாங்க முடியாத குடும்பங்கள் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் சைட்கார் பூட்டிக்கொண்டார்கள். மனைவி, பிள்ளை, மூட்டை எல்லாம் அதில். பாரம் கூடியதும் விகிதமும் மாறவேண்டுமே. கம்பெனிகளே சைட்காருக்கென்று பல் குறைந்த ஸ்ப்ராக்கெட்டை விற்றன. வண்டியின் வேலை மாறினால் பல் மாறவேண்டும் என்பது அவர்களுக்குச் சாதாரண விஷயமாக இருந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் வல்லம் வடகாலுக்கும் வந்தது. யமஹா அதே வல்லம் வடகாலில் 2015-இல் தொடங்கியது. ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 வண்டிக்கு முன்னால் 15, பின்னால் 38. பின்னால் இன்றும் 38 என்பதைக் கவனியுங்கள். இதில் முன்பல்லை 16 ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்கினால் விகிதம் 2.375. பழைய 350 புல்லட்டின் அதே எண்! 4000 சுற்றில் போன வேகம் 3750-இல் கிடைக்கும். இரட்டை சிலிண்டர், தாராளமான இழுவை. இந்த வண்டி அதைத் தாங்கும். அதே ஒரு பல்லை ஒரு கம்யூட்டர் வண்டியில் கூட்டினால் தாங்காது.

வாலாஜாபாத்தில் இருந்து ஒரகடம் வழியாக வண்டலூர் போகும் மாநில நெடுஞ்சாலை 48 தட்டையான சாலை. மலை ஏற்றம் கிடையாது. ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு இங்கே உள்ள சோதனை வேறு மாதிரி. முன்னால் லாரி, அதை ஒட்டிக் கம்பெனி பஸ். நாற்பதில் ஊர்ந்துகொண்டிருந்துவிட்டுக் கிடைக்கிற இடைவெளியில் எழுபதுக்கு ஏறி முந்தவேண்டும். அப்புறம் வேகத்தடை, மறுபடி முதலிலிருந்து. இந்தச் சாலையில் தினமும் போகிறவர் டாப் ஸ்பீடைப் பற்றி யோசிப்பதில் பொருளே இல்லை. அவருக்கு உயிர்காக்கும் விஷயம் நாற்பதுக்கும் எழுபதுக்கும் நடுவிலான இழுவை. என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: 100 சிசி வண்டியில் ஒருபோதும் முன்பல்லைக் கூட்டாதீர்கள். பால் கேன், காய்கறி மூட்டை என்று எப்போதும் பாரத்தோடேயே ஓடும் வண்டியானால் ஒரு பல் குறைக்கலாம். தனியாக வேலைக்குப் போய்வருகிறவர் தொழிற்சாலை கொடுத்த பல்லோடேயே இருப்பது நல்லது. இழுவை வேண்டும்போது ஒரு கியர் இறக்கிக்கொண்டால் போதும்.

15-இல் ஒரு பல் குறைத்தால் ஒவ்வொரு கியரிலும் ஏழு சதவீதம் இழுவை கூடுகிறது. அதே பலனைப் பின்னால் தேட வேண்டுமென்றால் 38-ஐ 41 ஆக்கவேண்டும். முன்னால் ஒன்று என்றால் பின்னால் ஏறக்குறைய மூன்று. பந்தயக்காரர்கள் இந்த நுட்பத்தால்தான் பின்பல்லில் கை வைக்கிறார்கள். ஒவ்வொரு பல்லாக நுணுக்கிப் பார்க்கலாம்.

அந்தப் பந்தயமும் நம் பக்கத்தில்தான் நடக்கிறது. அந்தக் காலத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் வண்டிகள் பறந்தன. 1990 முதல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இருங்காட்டுக்கோட்டை தடம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். அங்கே ஸ்ப்ராக்கெட் தேர்வுக்கு ஒரு தெளிவான அளவுகோல் உண்டு: மிக நீளமான நேர்ப்பாதையின் முடிவில், பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்பு, டாப் கியரில் எஞ்சின் தன் உச்சச் சுற்றைத் தொட்டிருக்க வேண்டும். முன்பே தொட்டுவிட்டால் விகிதம் அதிகம். தொடாமலேயே பிரேக் வந்துவிட்டால் விகிதம் போதாது. தடம் மாறினால், சில சமயம் காற்றின் திசை மாறினாலே, பல் மாறும். பந்தயக்காரருக்குத் தன் பாதையின் ஒவ்வொரு மீட்டரும் தெரியும் என்பதால் இது சாத்தியமாகிறது. நமக்கும் நம் தினசரிப் பாதை தெரியும், அதை அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை.

முன்பல்லைக் குறைப்பதற்குச் செயின் கூலி கேட்கும். 16 பல் சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியும் 22.5 பாகை மடங்கி நிமிர்கிறது. 14 பல்லில் 25.7 பாகை. மடங்கும்போதெல்லாம் உள்ளே பின்னும் புஷ்ஷும் உரசுகின்றன. பல்சக்கரம் உண்மையில் வட்டம் அல்ல, பலகோணம். அதனால் ஒரே சீராகச் சுற்றினாலும் செயினின் வேகம் ஏறி இறங்கும்: 16 பல்லில் சுமார் 1.9 சதவீதம், 13 பல்லில் 2.9. சீட்டில் உட்கார்ந்தவருக்கு அது ஒரு சின்ன உதறல். 38 பல் பின்சக்கரத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. குறைத்தால் ஒரு பல்லோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது இதனால்தான். அதற்கு மேல் போனால் செயின் ஸ்விங்ஆர்மை உரசத் தொடங்கும்.

செயினில் கண்ணிகள் பொதுவாக இரட்டைப்படை எண்ணிக்கை. 100 கண்ணிச் செயின், 16 பல் என்றால் ஒரு குறிப்பிட்ட பல் அதே 25 கண்ணிகளையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். 17 பல் என்றால் எல்லாக் கண்ணிகளையும் முறைவைத்துச் சந்திக்கும், தேய்மானம் பரவும். இரண்டு அளவில் எதைப் போட்டாலும் சரி என்ற நிலை வந்தால் ஒற்றைப்படையைத் தேர்ந்தெடுங்கள்.

கோவை எல்ஜிபியின் ரோலான், முருகப்பா குழுமத்தின் டயமண்ட் என்று செயினுக்குப் பேர்போன இரண்டு பெயர்களும் தமிழ்நாட்டுப் பெயர்கள்தான். அளவு எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: 428 என்றால் கண்ணிக்குக் கண்ணி 12.7 மில்லிமீட்டர், 520 என்றால் 15.875. ஒன்றின் செயின் மற்றதன் பல்லில் உட்காராது. தேய்ந்த செயினோடு புதுப் பல்லைப் போட்டால் புதுப் பல்லும் சீக்கிரம் கொக்கியாகிவிடும். செயின், முன்பல், பின்பல் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பல் கூடினாலோ குறைந்தாலோ பின் ஆக்ஸில் முன்பின்னாக நகரும், அட்ஜஸ்டரில் அதற்கு இடம் மிச்சமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேகமானி முன்சக்கரத்திலிருந்து எடுத்தால் பாதிப்பில்லை. கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டியில் முன்பல் ஒன்று குறைந்தால் உண்மையில் போவதைவிட அதிகம் காட்டும், கூட்டினால் குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து. வாரண்டி ஓடும் வண்டியானால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

பின் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றும்போது அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே சில ரப்பர் துண்டுகளைப் பார்ப்பீர்கள். பலர் அதைத் துடைத்து அப்படியே திரும்ப வைத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அந்த ரப்பரைப் பற்றி.

(தொடரும்)