பத்து டாலர் பெட்டி

டாக்காவில் வங்கதேச மத்திய வங்கியின் இணைப்புக் கட்டடம். எட்டாவது மாடியில் ஏறத்தாழ 12 அடிக்கு 8 அடி அளவில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. உள்ளே நான்கு சர்வர்கள், நான்கு திரைகள். நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு யாருக்குப் போக வேண்டும் என்ற உத்தரவுகள், வங்கிகளுக்கான சர்வதேசத் தகவல் வலையான ஸ்விஃப்ட் வழியே இங்கிருந்துதான் கிளம்பும். 2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. அங்கே அது விடுமுறை நாள். அறைக்குள் பிரிண்டர் வேலை செய்யவில்லை. வழக்கமான கோளாறு என்று நினைத்தார்கள்.

அதற்குள் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 போலி உத்தரவுகள் போய்ச் சேர்ந்திருந்தன. கேட்ட தொகை 95.1 கோடி டாலர். பெரும்பகுதி தடுக்கப்பட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் ஓர் எழுத்துப்பிழையால் சிக்கித் திரும்பியது. 8.1 கோடி டாலர் மட்டும் மணிலா வங்கிக் கிளை ஒன்றில் இறங்கி, சூதாட்ட விடுதிகளில் கரைந்தது.

இரண்டு மாதம் கழித்து, வங்கதேசக் குற்றப் புலனாய்வுத் துறையின் தடயவியல் பயிற்சிக் கழகத் தலைவர் முகமது ஷா ஆலம் ராய்ட்டர் நிறுவனத்திடம் சொன்ன தகவல் பலரையும் திடுக்கிட வைத்தது. வங்கியில் ஃபயர்வால் இல்லை. ஸ்விஃப்டுடன் தொடர்புள்ள கணினிகளை இணைத்திருந்தவை பழைய, செகண்ட் ஹேண்ட் சுவிட்சுகள். விலை 10 டாலர். அன்றைய கணக்கில் 700 ரூபாய்க்கும் குறைவு.

இது மின்விசிறி சுவிட்ச் அல்ல. அலுவலகங்களில் பீரோ மேல் தூசி படிந்து, பச்சை விளக்குகள் கண்சிமிட்ட உட்கார்ந்திருக்குமே, அந்தப் பெட்டி. கணினிகளின் கேபிள்களெல்லாம் அதில்தான் வந்து சேரும். மலிவான ரகம் யாரையும் கேள்வி கேட்காது. கேபிளைச் செருகியவர் கணக்குப் பிரிவா, கான்டீன் காசாளரா, திருடனா என்பது அதற்கு ஒன்றே. 'மேனேஜ்டு' ரகம் கேள்வி கேட்கும். கேட்கச் சொல்லிக் கொடுத்தால்.

முதல் வேலை பிரிப்பது. ஒரே பெட்டியின் 24 துளைகளில் இரண்டை மட்டும் பணம் அனுப்பும் கணினிகளுக்கென்று தனி வலையாக ஒதுக்கலாம். இதற்கு வி-லேன் என்று பெயர். ஸ்விஃப்ட் அறையை இப்படித் தனியே பிரித்திருக்க வேண்டும் என்பதுதான் ஷா ஆலமின் வாதம். அடுத்தது, அந்தச் சுவருக்கு வாசல் வைப்பது. எந்த முகவரியிலிருந்து எந்த சர்வருக்கு என்ன வேலையாகப் போகலாம் என்று வரிவரியாக எழுதும் அனுமதிப் பட்டியல் இது. மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். பொருந்தும் முதல் வரியே தீர்ப்பு. 'எல்லோரும் வரலாம்' என்று சோம்பேறித்தனமாக ஒரு வரியை மேலே எழுதிவிட்டால் கீழே உள்ள அத்தனையும் வீண். அவசரத்தில் தன்னையே வெளியே பூட்டிக்கொண்ட இன்ஜினியர்களும் உண்டு.

கணினியின் வன்பொருள் எண்ணைப் பார்த்து அனுமதிப்பது இன்னொரு முறை. ஆனால் அந்த எண்ணைப் போலி செய்வது எளிது. சான்றிதழோ பாஸ்வேர்டோ காட்டிய பிறகே துளையைத் திறக்கும் 802.1எக்ஸ் முறை அதைவிட மேல். பயன்படாத துளைகளை மூடி வைப்பதற்கோ காசே செலவில்லை.

விலையுயர்ந்த பெட்டியை வாங்கிவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடும் அலுவலகங்களை என்னவென்பது? கையேட்டிலேயே அச்சாகியிருக்கும் ரகசியம் அது. பெட்டியை நிர்வகிக்கும் வாசல் ஊழியர்கள் புழங்கும் வலையிலேயே திறந்து கிடக்கும். பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட் பல இடங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மலிவுப் பெட்டியின் பெரிய குற்றம் யாரையும் உள்ளே விட்டதல்ல, யாரையும் நினைவில் வைத்துக்கொள்ளாததுதான். நல்ல சுவிட்சுகள் இல்லாததால் கொள்ளையர்கள் என்ன செய்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று தடம் பிடிப்பதே கடினமானது என்றார் ஷா ஆலம். எந்தத் துளையில் எந்தக் கணினி எத்தனை மணிக்கு நுழைந்தது என்று மேனேஜ்டு சுவிட்ச் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். கடிகாரத்தையும் சரியாக வைக்க வேண்டும். தவறான நேரம் காட்டும் சாட்சியை யார் நம்புவார்கள்?

ஒரு பெட்டி மட்டும் எல்லாவற்றையும் தடுத்திருக்குமா? சந்தேகம்தான். 2018ல் அமெரிக்க நீதித்துறை வட கொரியர் ஒருவர் மீது தாக்கல் செய்த புகாரின்படி, 2015 தொடக்கத்திலேயே வேலை கேட்பவர் எழுதியதுபோல் வங்கிக்கு இமெயில்கள் வந்தன. அப்படி நுழைந்தவர்கள் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவி ஸ்விஃப்ட் அறையை எட்டினார்கள். சுவர்கள் இருந்திருந்தால் தாவுவது கஷ்டமாகியிருக்கும், சத்தமும் கேட்டிருக்கும். சுவிட்சுகளை மாற்றச் சொல்லி ஸ்விஃப்ட் இன்ஜினியர்கள் ஆலோசனை சொன்னதே கொள்ளைக்குப் பிறகுதான் என்றது வங்கி. பொறுப்பு தங்களுடையதல்ல என்றது ஸ்விஃப்ட்.

2016 ஜூன் 2ல் ரிசர்வ் வங்கி இந்திய வங்கிகளுக்குப் புதிய சைபர் பாதுகாப்பு விதிகளை அனுப்பியது. வலையில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல், அவற்றின் அமைப்பைச் சரிபார்ப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக மூன்று போலி உத்தரவுகள் கிளம்பின. தொகை 20 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. கணக்கை ஒத்துப் பார்த்தபோது பிப்ரவரி 7ல் தெரிய வந்தது. 5 லட்சம் டாலருக்கான உத்தரவு ஒன்று தடுக்கப்பட்டது. முந்தைய நாள் அங்கேயும் பிரிண்டர் வேலை செய்யவில்லை.