ஆன்மிக ஆலோசகர் பணி: தகுதி என்ன, எல்லை எது?

புதுதில்லி: தேர்வில் தோல்வி, வேலையிழப்பு, மணமுறிவு போன்ற நெருக்கடிகளில் "நான் எதற்கும் தகுதியற்றவன்" என்று மனம் உடைபவர்களில் பலர் முதலில் நாடுவது மருத்துவமனையை அல்ல. கோயில், தர்கா, தேவாலயம் அல்லது நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரையே அவர்கள் நாடுகின்றனர். இத்தகையோருக்கு வழிகாட்டும் ஆன்மிக ஆலோசனை, தற்போது கட்டணம் பெறும் தொழிலாகவும் வளர்ந்து வருகிறது.

பணி என்ன?

ஒருவரின் இறைநம்பிக்கை, வாழ்க்கை குறித்த பார்வை ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு, அவர் தன் மதிப்பைத் தானே உணரச் செய்வதே இப்பணியின் நோக்கமாகும். செயலில் ஏற்பட்ட தோல்வியையும் மனிதரின் மதிப்பையும் பிரித்துப் பார்க்க ஆலோசகர் உதவுகிறார். அறிவுரை கூறுவதைவிடப் பொறுமையாகச் செவிமடுப்பதே இதில் முதன்மையான திறன். "இது உன் கர்மவினை" போன்ற சொற்கள் குற்றவுணர்வை மேலும் ஆழப்படுத்தக்கூடும்.

நோய் தணிப்புச் சிகிச்சையில் உடல் வலியுடன் ஆன்மிகத் துயரையும் கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு வரையறுத்துள்ளது. எனவே, மருத்துவமனைகளிலும் இப்பணிக்கு இடமுண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆன்மிக ஆலோசகருக்கு இந்தியாவில் தனி உரிமம் ஏதும் இல்லை. அதேசமயம், மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, 1992-ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்வது கட்டாயம். பிற உளவியலாளர்கள், நலவாழ்வு ஆலோசகர்கள் உள்ளிட்டோர் 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்கள் ஆணையச் சட்டத்தின் வரம்பில் வருகின்றனர். எனவே, இத்துறைக்கு வர விரும்புவோர் உளவியல், சமூகப்பணி அல்லது ஆலோசனையியலில் முறையான பட்டம் பெறுவது பாதுகாப்பான வழியாகும்.

எல்லை மீறினால்?

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். தர்காவில் குணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் உறவினர்களால் அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலுமாகத் தடை செய்துள்ளது.

நம்பிக்கையும் மருத்துவமும் இணைந்து செயல்பட முடியும் என்பதற்கு, குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்கா எடுத்துக்காட்டாகும். அங்கு வழிபாட்டுக்கு வருவோருக்கு மனநல மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது.

எவரைத் தவிர்க்க வேண்டும்?

மருந்தை நிறுத்துமாறு கூறுபவர், குணமாகும் என்று உறுதியளிப்பவர், பரிகாரத்துக்குப் பெருந்தொகை கேட்பவர், குடும்பத்தினரிடமிருந்து விலகி இருக்கச் சொல்பவர் ஆகியோரைத் தவிர்க்க வேண்டும். தற்கொலை எண்ணம், நீடித்த உறக்கமின்மை, காதில் குரல்கள் கேட்பது போன்ற அறிகுறிகள் தென்பட்டால், தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புவதே நல்ல ஆலோசகரின் கடமை.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம். தமிழிலும் ஆலோசனை பெறலாம்.