கரையோரத்தில் கண் போடும் கணக்கு

பாரிஸ் நகரில் கோப்லான் என்னும் புகழ்பெற்ற சித்திரத் திரைச்சீலை நெசவுச்சாலை உண்டு. 1824ஆம் ஆண்டில் அதன் சாயப் பகுதிக்குத் தலைவராக வந்தவர் செவ்ரூல் என்னும் இரசாயன அறிஞர். அவர்முன் ஒரு முறையீடு வந்தது. நீலம், ஊதா ஆகிய நிறங்களுக்கு நிழலாக நெய்யப்படும் கறுப்புக் கம்பளி நூலில் அழுத்தம் போதவில்லை என்பதே அது. பழி சாயக்காரர்மேல் விழுந்தது.

செவ்ரூல் வேறு பட்டறைகளின் கறுப்பு நூல்களையும் வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறமே கறுப்பை மாற்றிக் காட்டியது என்று கண்டார். தம் முடிவுகளை 1839இல் நூலாகவும் வெளியிட்டார்.

நிறத்தில் மட்டுமன்று, ஒளியிலும் இவ்வாறே நிகழும். வெளிர்சாம்பல் பட்டையையும் கருஞ்சாம்பல் பட்டையையும் அடுத்தடுத்து நெய்து பாருங்கள். இரண்டும் கூடும் இடத்தில் வெளிர்பட்டை மேலும் வெளுத்தும், கரும்பட்டை மேலும் கறுத்தும் தோன்றும். இத்தகைய விளிம்புப் பட்டைகளை 1865இல் ஆராய்ந்த எர்ன்ஸ்ட் மாக், விழித்திரையின் அண்டைப் புள்ளிகள் ஒன்றையொன்று அடக்குகின்றன என்று கருதினார். குதிரைலாட நண்டின் கண்ணில் இவ்வடக்குதலை அளந்து காட்டிய அமெரிக்க அறிஞர் ஹார்ட்லைன், 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இதன் கணக்கு எளிது. வரிசையாக ஆறு புள்ளிகளில் விழும் ஒளி 10, 10, 10, 20, 20, 20 என்க. ஒவ்வொரு புள்ளியும் தன் இருபக்கத்து ஒளிகளிலும் பத்திலொரு பங்கைத் தன் அளவிலிருந்து கழித்துக்கொள்கிறது என்று கொள்வோம். வரிசை இருபுறமும் அவ்வாறே நீள்வதாயின் விடை 8, 8, 7, 17, 16, 16 ஆகும். எல்லையில் 7 குழியாகவும் 17 மேடாகவும் நிற்பதைக் காண்க. மனிதக் கண்ணின் அமைப்பு இதனினும் சிக்கலானது. எனினும் அடிப்படையை இக்கணக்கு விளக்கும்.

உறுப்பினர்களுக்கு இதனால் என்ன பயன்? கரையோரத்தில் நிறம் வேறுபட்டதாகத் தோன்றினால், உடனே துணியைத் தள்ளிவிட வேண்டாம்; சாயக்காரரின் கூலியிலும் கைவைக்க வேண்டாம். சாம்பல்நிற அட்டையில் ஒரே அளவாக இரு துளைகள் இடுங்கள். ஐயத்திற்குரிய இரண்டு இடங்கள் மட்டும் தெரியுமாறு துணிமேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போதும் வேறுபாடு தெரிந்தால் குறை நூலிலோ சாயத்திலோ உள்ளது. தெரியாவிடில் அது கண்ணின் கணக்கே. உழைத்தவர்மேல் வீண்பழி சேராமல் காக்க ஓர் அட்டைத்துண்டு போதும்.