பழைய மோட்டார் வண்டியின் அடியில் எழும் ஓசை

மோட்டார் வண்டியை ஓட்டத் தெரிந்தவர் பலர். அதன் அடியிற் குனிந்து நோக்குபவர் மிகச் சிலர். வண்டி புதிதாயிருக்குங்கால் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியபின், எஸ்.யு.வி. என வழங்கும் உயரமும் கனமுமுள்ள வண்டிகள் தம் முதுமையை ஓசையால் அறிவிக்கத் தொடங்குகின்றன. மேடுபள்ளங்களில் ‘டக் டக்’ என்னும் ஒலி எழும். வளைவுகளில் உடல் ஒருபுறம் சாயும். பிரேக்கை மிதித்தால் முன்புறம் குனியும். இவற்றைக் கேட்ட மாத்திரத்தில், “ஷாக் அப்சார்பர் போய்விட்டது” என்று தீர்ப்புக் கூறுவார் உளர். அத்தீர்ப்பு சில வேளைகளில் மெய்; பல வேளைகளில் பொய்.

எம் நண்பரொருவர் அதனை நம்பி நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினார். பணம் ஆயிரக்கணக்கிற் செலவாயிற்று. ஓசையோ, அன்று மாலை வீடு திரும்புவதற்குள் மீண்டும் கேட்டது. உண்மையிற் கெட்டிருந்தது ஒரு சிறிய லிங்க் ராடு மாத்திரமே. அதன் விலை, செலவழித்த தொகையிற் சிறு பகுதியும் ஆகாது. எனவே எவ்வுறுப்பு எத்தொழிலைச் செய்கின்றது என்பதை முதலில் அறிதல் நலம்.

வண்டியின் எடையைத் தாங்குவது வில். வில்லின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். வில்லின் நீட்சி அதனை இழுக்கும் விசையின் அளவை ஒத்தது என்று இராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை மாணவர் அறிவர். அவ்வில் சுருளாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த மஹிந்திரா ஸ்கார்ப்பியோவின் முதல் அமைப்பில், முன்சக்கரங்களுக்கு டார்ஷன் பார் எனப்படும் முறுக்குத் தண்டும், பின்சக்கரங்களுக்குச் சுருள்வில்லும் அமைந்திருந்தன. நெடுங்காலம் சுமை தாங்கிய எஃகு சிறிது தளர்ந்து நிலைத்துவிடும். அப்பொழுது வண்டி தாழும். சமதரையில் நிறுத்தி, சக்கர வளைவின் உச்சியிலிருந்து தரை வரை நாடாவால் இருபுறமும் அளந்தால் இது விளங்கும். தாழ்ந்த வண்டிக்கு ஷாக் அப்சார்பரை மாற்றுதல் வீண். எடை தாங்குதல் அதன் தொழிலன்று. முறுக்குத் தண்டின் திருகை இறுக்கி உயரத்தைச் சிறிது மீட்கலாம். உற்பத்தியாளர் குறித்த அளவைக் கடந்து ஏற்றினாலோ, சக்கரம் கீழிறங்கும் இடம் குறுகி மூட்டுகள் வருந்தும்.

ஷாக் அப்சார்பரின் உள்ளே எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கப்பட்டு, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றுகின்றது. வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டு, அது இரண்டு மூன்று முறை ஆடினால் கெட்டது என்பது பழைய சோதனை. ஆடினால் கெட்டதென்று கொள்ளலாம். ஆடாவிடின் நல்லதென்று கொள்ளலாகாது. கனத்த வண்டியின் விறைத்த வில்லைக் கையால் அழுத்துவது எளிதன்று. உடலில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருத்தலும், டயரின் மேற்பரப்பு ஆங்காங்கே குழிந்து தேய்ந்திருத்தலும் அதனினும் நம்பத்தக்க அடையாளங்களாம்.

இனி நண்பரின் லிங்க் ராட்டுக்கு வருவோம். வளைவுகளில் வண்டி சாயாதபடி இரு முன்சக்கரங்களையும் ஒரு குறுக்குத் தண்டு இணைக்கின்றது. லிங்க் ராடு அதன் நுனியைச் சக்கரத்தின் ஆர்மோடு பிணைப்பது. இரு சக்கரங்களும் ஒருசேர வேகத்தடையில் ஏறின், குறுக்குத் தண்டு முறுக்குறாமற் சுழலும், லிங்கிற்கு வேலையில்லை, ஓசையும் பெரும்பாலும் இராது. ஒரு சக்கரம் மாத்திரம் ஏறினால் தண்டு முறுக்குறும். தேய்ந்த லிங்க் ஒலிக்கும். ஆகவே வேகத்தடையை ஒருமுறை நேராகவும் ஒருமுறை சாய்வாகவும் மெல்லக் கடந்து பார்த்தால், ஒரு காசும் செலவின்றிப் பாதி விடை கிடைக்கும். எம் நண்பருக்கு இதனைச் சொல்வார் இல்லை.

லிங்க் ராடு முறிந்தால் தொல்லை. பால் ஜாயின்ட் கழன்றால் உயிருக்கே இடர். கிண்ணத்துள் உருண்டை பொருந்திய இம்மூட்டே சக்கரத்தை ஆர்மோடு பிணித்து நிற்பது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், நீரும் மணலும் உட்புகும், கிண்ணம் தேயும். முற்றத் தேய்ந்தபின் மூட்டு கழன்று, சக்கரம் மடங்கி, வண்டி ஓட்டுபவர் வசத்தில் நில்லாமற் போகும். ஆதலின் இதனைச் சோதிக்கும் முறையைச் சற்று விரித்துரைக்கின்றோம்.

பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முறுக்குத் தண்டுள்ள இவ்வண்டிகளில் ஜாக்கியைக் கீழ் ஆர்மின் அடியில், சக்கரத்துக்கு அணித்தாக வைத்துத் தூக்கவேண்டும். பின்னர் உறுதியான தாங்கியை இடுக. ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ் நுழைதல் ஒருபோதும் ஆகாது. சட்டத்தின் அடியில் தூக்கினால், வில்லின் விசை மூட்டை இறுகப் பிடித்துக்கொண்டு தேய்வை மறைத்துவிடும். பட்டறைகளிலும் இப்பிழை நேர்வதுண்டு. சக்கரத்தை மேலுங் கீழுமாகப் பற்றி அசைக்க, ஆட்டம் தோன்றினால் அது பால் ஜாயின்டினதோ, வீல் பேரிங்கினதோ என்ற ஐயம் எழும். அப்பொழுது துணைவர் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுக. ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கினது, நில்லாவிடின் மூட்டினது. இடவலமாக அசைக்கையில் மாத்திரம் ஆட்டம் இருப்பின் டை ராடு நுனிகளை நோக்குக. டயரின் அடியில் ஒரு கம்பியை இட்டு நெம்பினால் மூட்டின் மேல்கீழ் ஆட்டமும் கண்ணுக்குப் புலனாகும். பொறுக்கத்தக்க அளவு இன்னதென அவ்வவ் வண்டியின் பழுதுபார்ப்பு நூல் கூறும்.

எஞ்சியவை ரப்பர் புஷ்கள். பிரேக்கை மிதிக்கும்போது ஒருமுறையும், விட்டுப் புறப்படும்போது ஒருமுறையும் ‘தொப்’பென்று கேட்டால் இவற்றை ஐயுறலாம். பின்புறத்துத் தண்டுகளின் புஷ்கள் தளர்ந்தால், வண்டியின் பின்பாகம் தானே திரும்புவதுபோல ஓட்டுபவருக்குத் தோன்றும். வெடிப்பும் கிழிவும் கண்ணாற் காணத்தக்கவை. புதிய புஷ்ஷை இட்டபின் நேரும் பிழையொன்று உண்டு. ரப்பர் புஷ் சுழல்வதன்று, முறுக்குண்டு மீள்வது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே ஆணியை முற்ற இறுக்கிவிட்டால், வண்டி தரையிலிறங்கியதும் அந்த ரப்பர் ஓயாது முறுக்குண்டே கிடந்து, விரைவிற் கிழியும். எடை முழுதும் சக்கரங்களின்மேல் நின்றபின் இறுதி இறுக்கம் செய்தல் வேண்டும். பட்டறைக்காரர் அவ்வாறு செய்தாரா என்று, வண்டியை எடுக்குமுன் கேட்டறிக. வீல் அலைன்மெண்டையும் அன்றே பார்த்துவிடுக.