பிரீமியமும் வருமான வரிக் கழிவும்

ஈரோடு வட்டாரத்துக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆய்வுக்கு அண்மையில் சென்றிருந்தோம். பேரேடுகளைப் பார்த்து முடிக்கும் தறுவாயில் அங்கத்தினர் ஒருவர் காகிதக் கட்டு ஒன்றுடன் வந்து அமர்ந்தார். தறியில் பிழைப்பைத் தொடங்கி, இன்று சொந்தமாகச் சேலைக் கடை நடத்துபவர். "ஐயா, வருமான வரிப் படிவம் எழுதியாகிவிட்டது. அனுப்புமுன் தாங்கள் ஒருமுறை பார்த்துக் கொடுக்க வேண்டும்" என்றார். வரிக் கணக்குப் பார்ப்பது கூட்டுறவு ஆய்வாளரின் வேலையன்று. எனினும் மறுக்க மனம் வரவில்லை.

2025–26 நிதியாண்டில் அவர் இரண்டு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் எடுத்திருந்தார். தமக்கும் மனைவி மக்களுக்குமாக ஒன்று; பிரீமியம் 18,000 ரூபாய். அறுபத்தெட்டு வயதான தாயாருக்கு மற்றொன்று. பிரீமியம் 32,000 ரூபாய். "ஐம்பதாயிரமும் வரியில் மிச்சம்" என்று ஏஜெண்டு சொன்னாராம். அந்த மிச்சத்துக்காகவே பழைய வரி முறையைத் தேர்ந்து படிவம் எழுதப்பட்டிருந்தது.

ஐம்பதாயிரம் கழிவது உண்மை. ஆனால் அது வருமானத்தில் கழியுமே ஒழிய வரியில் கழியாது. இவ்வேறுபாட்டை ஏஜெண்டுகள் எடுத்துரைப்பது அரிது.

இக்கழிவு 1986ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்திலும் இது தொடர்கிறது. பிரிவின் எண்தான் மாறியுள்ளது. தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் தம்மை அண்டியுள்ள மக்களுக்கும் செலுத்தும் பிரீமியத்தில் 25,000 ரூபாய் வரையிலும், பெற்றோருக்குச் செலுத்துவதில் தனியாக மேலும் 25,000 ரூபாய் வரையிலும் கழித்துக்கொள்ளலாம். காப்பீடு பெறுவோரில் அறுபது வயது நிறைந்தவர் இருந்தால் அந்தப் பிரிவின் உச்சவரம்பு 50,000 ரூபாய். பெற்றோர் நம் ஆதரவில்தான் வாழ வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மாமனார் மாமியாருக்குக் கட்டியது கணக்கில் வராது.

நமது அங்கத்தினரின் கடை வருமானம் 7,20,000 ரூபாய். வேறு வருமானமோ கழிவோ இல்லை. பழைய முறையில் அவருக்கு வரி 58,760 ரூபாய். ஐம்பதாயிரம் கழிந்தால் 48,360 ரூபாய். ஆகவே மிச்சம் 10,400 ரூபாய்தான். அதிலும் ஒரு தடை இருந்தது. பிரீமியத்தை ரொக்கமாகச் செலுத்தினால் கழிவு கிடையாது. காசோலை, வங்கி மாற்றம் போன்ற வழியில் செலுத்தியிருக்க வேண்டும். உடற்பரிசோதனைச் செலவுக்கு மட்டும், அதுவும் மேற்படி வரம்புக்குள் 5,000 ரூபாய் வரை, ரொக்கம் ஏற்கப்படும். இவரோ 18,000 ரூபாயை ஏஜெண்டின் கையில் நோட்டாகவே எண்ணிக் கொடுத்திருந்தார். ஆகவே தாயாரின் 32,000 ரூபாய் மட்டுமே கழியும். வரி 52,104 ரூபாய்.

அதைவிடப் பெரிய பிழை முறையைத் தேர்ந்ததில் இருந்தது. புதிய முறையில் மருத்துவப் பிரீமியத்துக்குக் கழிவே கிடையாது. ஆனால் அவ்வாண்டு வருமானத்துக்கு, 12 லட்சம் ரூபாய் வரை பெறுவோருக்கு அம்முறையில் தள்ளுபடி போக வரியே இல்லை. ஆறாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்கப் போய் ஐம்பத்திரண்டாயிரம் கட்டவிருந்தார்! படிவம் அனுப்பப்படாமல் இருந்தது அவர் நல்ல காலம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குச் சென்று புதியதற்குத் திரும்பிவிட்டால் மறுபடி மாற இயலாது என்பதையும் சொல்லி வைத்தோம்.

அப்படியானால் கழிவு எவருக்குத்தான் பயன்படும்? வருமானம் மிகுதியாக இருந்து, வீட்டுக் கடன் வட்டி, சேமிப்பு முதலிய பிற கழிவுகளும் சேர்ந்து பழைய முறையே இலாபமாக அமைவோருக்குப் பயன்படும். நமது சங்கங்களில் அத்தகையோர் சிலரே. விவசாய வருமானம் மட்டுமே உடைய அங்கத்தினர்களுக்கு அவ்வருமானத்தின்மீது வரி இல்லை. வரி இல்லாத இடத்தில் கழிவுக்கு வேலை இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியத்தை அரசே செலுத்துவதால் அங்கேயும் இக்கேள்வி எழாது. முறை எதுவாயினும் பாலிசி எடுக்கும் அனைவருக்கும் கிட்டும் சலுகை வேறொன்று உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின்மீது இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டுவிட்டது.

எல்லாம் கேட்டபின் அவர் வினவினார்: "வரியில் பயனில்லை என்றால் அம்மாவின் பாலிசியை அடுத்த ஆண்டு விட்டுவிடலாமா?"

கூடாது என்றோம். தாயாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பாலிசி எடுக்குமுன்பே இருந்த நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் விதிக்கக் கம்பெனிகளுக்கு அனுமதி உண்டு; அவருடைய பாலிசியில் மூன்றாண்டுதான் எழுதியிருந்தது. அதில் ஓராண்டு ஓடிவிட்டது. இப்போது கைவிட்டுப் பின்னர் வேறு பாலிசி எடுத்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். வயதும் ஏறி நிற்கும். புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பாலிசியில் பார்த்து, அவருடைய கடை நாட்காட்டியிலேயே குறித்துக்கொள்ளச் சொன்னோம். படிவத்தைத் திருத்தி எழுத அவர் வெள்ளைத் தாள் கேட்டார். சங்கத்து எழுத்தர் எடுத்துக் கொடுத்தார்.