பொறிக்குத் தமிழ் கற்பிப்போர்

பொள்ளாச்சிச் சந்தையில் விலை பேசி முடித்த உழவர், "பொழுதோட வாறனுங்க" என்று சொல்லிச் செல்கிறார். கொங்கு நாட்டார் எவர்க்கும் அதன் பொருளில் ஐயமில்லை. மாலையில் வருவார் என்பதே அது. இதே பேச்சைக் கணிப்பொறி ஒன்று கேட்டுப் பிழையின்றி எழுதவேண்டுமாயின், அதற்கு ஒருவர் கற்பித்தாக வேண்டும் அன்றோ?

பொறிக்குப் பேச்சை உணர்த்தும் முயற்சி புதியதன்று. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இத்துறையில் ஆராய்ந்து 1966-இல் முனைவர் பட்டம் எய்தினார். 1994-இல் டூரிங் விருதும் பெற்றார். இத்தகைய அறிஞரை உலகம் அறியும். ஆய்வகத்தில் அமர்ந்து, ஆய்வாளரின் எண்ணம் பொறியில் இயங்குமாறு உழைக்கும் நிரலரை அறிந்தோர் சிலரே.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இந்திய மொழிகளுக்கென இயங்குவது ஏஐ4பாரத் என்னும் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம். 145 மாவட்டங்களில் 16,237 பேரிடம் திரட்டிய 7,348 மணி நேரப் பேச்சைப் பற்றி அது 2024-இல் அறிவித்தது. மொழிகள் 22. அவ்வேளையில் கேட்டு எழுதி முடிந்திருந்தது 1,639 மணி நேரமே! ஒலியைக் கேட்போர் எழுதுதற்கும், எழுதியதைப் பிறர் சரிபார்த்தற்கும் உரிய 'ஷூன்யா' என்னும் கருவியையும் அவ்வாய்வகமே ஆக்கிக்கொண்டது.

இனி, நிரலரின் நுண்பணி ஒன்றைக் காண்போம். 'பொள்ளாச்சி' என்னும் பெயரின் முதலெழுத்தை நோக்குக. கணிப்பொறியின் யூனிகோடு முறையில், பகரத்தோடு கொம்பும் காலும் இணைந்த ஒரே குறியைச் சேர்த்து அதனை எழுதலாம். கொம்பை ஒரு குறியாகவும் காலை மற்றொரு குறியாகவும் சேர்த்தும் எழுதலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள்; அது ஓர் ஊரை ஈரூராக எண்ணிவிடும். 'கொங்கு' என்னும் சொல்லுக்கும் இதே இடர் உண்டு. ஆதலின், பொறி கற்கத் தொடங்குமுன் எல்லா எழுத்தையும் ஒரு வடிவாக்கும் சிறு நிரலை நிரலர் இயக்குகிறார். சில வரிகளே கொண்ட அந்நிரல் இல்லையேல் பெரிய ஆராய்ச்சியும் தடுமாறும்.

மற்றோர் இடர் வழக்குச் சொல்லால் வருவது. எழுதுவோர் 'பொழுதோட' என்பதைப் பிழையென்று கருதிப் 'பொழுதோடு' எனத் திருத்திவிடுவாராயின், பொறி கொங்குப் பேச்சை என்றுமே கற்காது. எனவே ஒலித்தவாறே எழுதிய வரியைக் காத்து, செந்தமிழ் வடிவம் வேண்டின் அதனைத் தனியே வைத்தல் வேண்டும். அதற்கேற்பக் கோப்புகளை வகுப்பதும் நிரலர் வேலையே.

பொறிக்கும் தேர்வு உண்டு. கற்பித்த பேச்சையே தேர்வில் கேட்டால் அது பெறும் மதிப்பெண் பொய்யாகும். உரைகள் வேறாயினும், பாடத்தில் பேசியவரே தேர்விலும் பேசினால் அவர் குரல் பொறிக்குப் பழகியதாகிவிடும். ஆகவே ஒருவர் குரல் இரு பகுதியிலும் புகாதவாறு நிரலர் முன்னரே பிரித்து வைக்கிறார். எங்கேனும் அங்ஙனம் கலந்தது தெரியவரின், எத்துணை உயர்ந்த மதிப்பெண்ணாயினும் அது தள்ளப்படும். தேர்வு மீண்டும் நடைபெறும்.