ஆறுமணிக் குருவிக்குக் கட்டமில்லை

பங்குனி வெயில் ஏறுவதற்குள் இலங்கையின் நாவுலக் காட்டோரங்களில் நடப்பவருக்கு இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று சித்திரைப் புத்தாண்டுக்குக் கட்டியம் கூறும் குயில். மற்றது ஆறுமணிக் குருவி. ஐப்பசி வாக்கில் இந்தியாவிலிருந்து வந்து, சித்திரையோடு திரும்பிவிடும். இந்த வரவும் போக்கும் அன்று போலவே.

மாறியது நிலம். மகாவலி நீரைத் திருப்பப் போவத்தென்னவில் அணை கட்டியபோது, பழங்காலக் கற்கோயிலான நாலந்த கெடிகேயைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் எழுப்பினார்கள். காட்டை அப்படித் தூக்கி வைக்க வழியில்லை. மகாவலித் திட்டத்தால் இடமிழந்த விலங்குகளின் புகலிடமாக 1984இல் வஸ்கமுவ தேசிய பூங்காவானது. பிறகு அம்பன் கங்கையின் குறுக்கே கட்டிய மொரகஹகந்த அணையை 2018இல் திறந்தார்கள். மரமும் சேனையும் இருந்த பள்ளத்தில் இப்போது தண்ணீர். அது தொலைதூர வயல்களுக்குப் பாய்கிறது, 25 மெகாவாட் மின்நிலையத்தையும் ஓட்டுகிறது. சிறிய ஆதாயமல்ல.

அன்று விலங்கைப் பார்க்க மனிதர் காட்டுக்குள் போனார்கள். இன்று திண்ணையில் உட்கார்ந்தாலே போதும்: செங்குரங்குக் கூட்டம் குரும்பையைப் பறித்து எறியும், மர அணில் இளநீரைக் குடைந்து குடிக்கும். மயில் முன்பு வறண்ட வலயத்துப் பறவை. கண்டிப் பக்கம் அதைக் கண்டால் அதிசயம். இன்று ஈரமலைச் சரிவுகளிலும் அகவுகிறது. காடு குறைந்து நிலம் காய்ந்ததே காரணம் என்பவர்களும் உண்டு, அதைப் பிடித்துத் தின்ற நரிகள் அருகியதைச் சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும், ஒருகாலத்தில் விரலால் சுட்டிப் பிள்ளைக்குக் காட்டிய மயிலை இன்று தகரம் தட்டி விரட்டுகிறோம். தென்னையும் சோளமும் வைத்தவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு பயிரைத் தின்னும் விலங்குகளை எண்ண நாடு முழுவதும் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு நடந்தது. வீட்டுத் தோட்டத்திலும் வயலிலும் நின்று மக்கள் படிவம் நிரப்பினார்கள். குரங்குகள் 50 லட்சத்துக்கு மேல், மயில்கள் 40 லட்சத்துக்கு மேல் என்று முடிவு வந்தது. ஐந்து நிமிடத்தில் எண்ணியதை நம்பலாமா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். மந்திக்கும் மர அணிலுக்கும்கூடப் படிவத்தில் கட்டம் இருந்தது. யாருடைய தேங்காயையும் தொடாத ஆறுமணிக் குருவிக்கு இல்லை.